இரண்டு விரல்கள்

சுனாமிக்கு அடுத்த மாதம், எங்கள் கடற்கரை ஊரின் மாதா கோயில் மண்டபத்துக்கு மனநல ஆலோசகர் ஒருவர் வந்தார். ஒட்டிய கன்னம், இஸ்திரி கலையாத சட்டை. ஒவ்வொருவர் முன்னாலும் உட்காரும்போது வலதுகையின் இரண்டு விரல்களைக் கைக்குட்டையால் துடைத்துக்கொள்வார், எங்கள் துக்கம் அதில் ஒட்டியிருப்பதுபோல. அப்போதே எனக்கு ஆளைப் பிடிக்கவில்லை.

என் முறை வந்தது.

"அந்த நேரத்தை நினைச்சுக்கிட்டே, தலையை அசைக்காம கண்ணால மட்டும் என் விரலைப் பாருங்க," என்றார். விரல்கள் இடமும் வலமுமாகப் போய்வந்தன. கண்ணை அப்படி ஓட்டினால் நினைவின் வலி குறையுமாம், அது ஒரு சிகிச்சையாம்.

எனக்கு ஆத்திரம் பொங்கியது. "தண்ணியில என் பிள்ளைக்க கைய விட்டது நானாக்கும். நீரு வெரல ஆட்டுனா அது இல்லன்னு ஆயிருமா ஓய்?" என்று கத்தினேன்.

அவர் விரலை இறக்கவில்லை. "ஆகாதுங்க. பாருங்க."

பல வாரம் வந்தார். திட்டிக்கொண்டேதான் பார்த்தேன்.

இப்போது மகளின் கை நழுவியதை நினைத்தால் மூச்சு முட்டுவதில்லை. கரையில் நின்று தூரத்து வள்ளத்தைப் பார்ப்பதுபோல இருக்கிறது. நன்றாகத் தூங்குகிறேன். மீன்குழம்புகூட ருசிக்கிறது.

அந்த ஆளை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அந்த வலி, கையை விட்டதற்கு எனக்குக் கிடைத்த தண்டனை. அதைக் குறைக்க அவர் யார்?