இடியாப்பம் சாப்பிடுகிற குடும்பம்

பிடியரிசிப் பைக்குள் முழங்கை வரைக்கும் கையை விட்டுத் துழாவினால் விரலுக்கு விரல் ஒரு வீட்டு அரிசி தட்டுப்படும். மெலிந்து நறுக்கென்று இருப்பது பொன்னி, மாவு படிந்து வழவழவென்று இருப்பது பச்சரிசி, லேசான மக்கல் வாடையோடு கொட்டை கொட்டையாக இருப்பது ரேஷன் புழுங்கல், நடுநடுவே குருணை, கல், உயிரோடு ஊர்கிற வண்டு. சனிக்கிழமை மத்தியானங்களில் அந்தப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெயிலில் நடந்த சிறுமி நான்தான் என்பதை நினைத்தால், இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு ஏக்கம் வருவதில்லை, எரிச்சல்தான் வருகிறது.

கடலூர் முதுநகரில் எங்கள் பங்குக் கோயிலைச் சேர்ந்த வீடுகளில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. உலை வைக்கும்போதெல்லாம் அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனியாக ஒரு டப்பாவில் போட்டு வைப்பார்கள். வாரக் கடைசியில் பிள்ளைகள் நாங்கள் துணிப்பையோடு வீடு வீடாகப் போய் வாங்கி வருவோம். தவக்காலத்துக்கென்று தொடங்கியது, பிறகு வருஷம் முழுக்க நடந்தது. கோயிலுக்கு வராத இந்துக் குடும்பங்கள்கூடச் சில, கேட்டதற்காக டப்பா வைத்திருந்தன. நாங்கள் வீடுகளுக்கு "பொன்னி வூடு", "கல்லு வூடு", "வண்டு வூடு" என்று பெயர் வைத்திருந்தோம். "பொன்னி வூட்டில்" பிடி என்பது மூன்று விரலால் கிள்ளிய அளவு. "வண்டு வூட்டுக்காரம்மா" மட்டும் ரேஷன் அரிசியை இரண்டு கையாலும் அள்ளிப் போட்டுவிட்டு, "பொடைச்சிச் சாப்புடச் சொல்லு கண்ணு" என்பார். எல்லாவற்றையும் கோயிலின் பின்னறையில் இருந்த ஒரு நீல ட்ரம்மில் ஒன்றாகக் கொட்டிக் கிளறிவிடுவோம். ஞாயிறு பூசை முடிந்ததும் அது கஷ்டப்படுகிற குடும்பங்களுக்குப் போகும். அப்படிக் கலக்கக் கூடாது என்று யாருக்கும் தோன்றவில்லை, ஏனென்றால் கொடுத்தவர்களில் ஒருவர்கூட அதைச் சமைத்துப் பார்த்ததில்லை.

இதையெல்லாம் முன்னின்று நடத்தியவர் ஜெசிந்தா டீச்சர். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் கையில் பிரம்பு இருப்பது போலவே நடப்பார். நல்லவர். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, அதுதான் தொல்லையே. கெட்டவராக இருந்திருந்தால் திட்டிவிட்டு மறந்திருக்கலாம்.

கஷ்டப்படுகிற குடும்பங்களில் எங்கள் குடும்பமும் ஒன்று. அப்பா சொந்தமாக மைக்செட் வைத்திருந்தார். அந்த வருஷம் வைகாசியில் மங்கலம்பேட்டையில் ஒரு கல்யாணத்துக்கு வேப்பமரத்தில் ஏறிக் குழாய் கட்டும்போது கிளை முறிந்து விழுந்து, தொடை எலும்பு உடைந்தது. பெரியாஸ்பத்திரியில் உள்ளே தகடு வைத்துத் தைத்து, பொங்கல் வரைக்கும் காலை ஊன்றக் கூடாது என்று அனுப்பிவிட்டார்கள். அம்மா ஒரு டெய்லரிடமிருந்து ரவிக்கைகளை வாங்கி வந்து ஓரம் அடித்து, கொக்கி தைத்துக் கொடுப்பார். அந்தக் காசு மருந்துக்கும் வாடகைக்கும் போனது. என் அக்கா லூர்து மேரி அப்போது பத்தாம் வகுப்பு. வகுப்பில் அவள்தான் முதல். சோற்றுக்கு மட்டும் வழி இருந்தால் அக்கா பரீட்சை எழுதிவிடுவாள் என்பதுதான் அம்மாவின் ஒரே கணக்கு. டீச்சரிடம் போய் அம்மா வாய் திறந்து கேட்டது வாழ்க்கையில் அந்த ஒரு தரம்தான்.

கேட்டுவிட்டு வந்த அன்றே என்னைப் பிடியரிசி வசூலுக்குச் சேர்த்துவிட்டார். நான் ஏழாம் வகுப்பு. வெயிலில் அலைய முடியாது என்று முரண்டு பிடித்தேன்.

"நீ பையத் தூக்கினு போனாதான் நம்ம குடுக்குற ஜனம். வூட்லயே குந்தினு இருந்தா வாங்குற ஜனம்" என்றார் அம்மா.

ஆக சனிக்கிழமை நான் வீடு வீடாக அரிசி வாங்கி ட்ரம்மில் கொட்டுவேன். ஞாயிற்றுக்கிழமை அக்கா ஒரு ஒயர்கூடையில், மேலே ஜெபப் புத்தகமும் முக்காட்டுத் துணியும் போட்டு மூடி, அதே அரிசியைக் கொண்டு வருவாள். விஷயம் தெரிந்தவர்கள் டீச்சரும் அவரோடு அரிசி அளந்து போடும் இரண்டு பெண்களும்தான். எங்கள் வீட்டிலும் பிடியரிசி டப்பா இருந்தது. வாங்கிய அரிசியிலிருந்தே அம்மா ஒரு பிடி எடுத்து அதில் போடுவார், கூட வருகிற பிள்ளைகள் பார்க்க நான் அதைக் கவிழ்த்து வாங்கிக்கொள்வேன். சிரிக்க வேண்டிய விஷயம். எங்கள் வீட்டில் யாரும் சிரித்ததில்லை.

முதல் ஞாயிறு அந்த அரிசியை அம்மா உலையில் போட்டார். பச்சரிசி குழைந்து கூழாகிவிட்டது, ரேஷன் அரிசி நடுவில் வெள்ளையாக நறுக்கென்று நின்றது, பொன்னி எங்கே போனதென்றே தெரியவில்லை. வடித்தால் கஞ்சியோடு பாதி ஓடியது, வடிக்காமல் விட்டால் களி. அதை டிபன் பாக்ஸில் கட்டிக்கொண்டு போனால் மூடியைத் திறந்த உடனே எவள் பார்த்தாலும் சொல்லிவிடுவாள், இது "கதம்ப அரிசி", பிடியரிசி என்று. மாவு மிஷினில் கொடுத்து அரைக்கவும் முடியாது, மிஷின்காரருக்கு ஊர் அரிசி எல்லாம் அத்துப்படி.

அதனால் அம்மா அரிசியை ஊறவைத்து, கல் அரித்து, ஆட்டுக்கல்லில் கெட்டியாக ஆட்டினார். உருண்டை பிடித்து அவித்து, சூடு ஆறுவதற்குள் அச்சில் போட்டுப் பிழிய வேண்டும், ஆறிவிட்டால் இறங்காது. கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்தபடி அப்பாதான் பிழிவார். கால்தான் போயிற்றே தவிரக் கையில் வலு இருந்தது. "ஆம்ப்ளிஃபயர் தூக்குன கையி, நூல் புழியுது பாருடி" என்பார். ஆட்டி, அவித்து, பிழிந்த பிறகு எந்த அரிசி எந்த வீட்டுடையது என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. வெள்ளை வெளேரென்று பூப்போல இருக்கும். காலையில் இடியாப்பம், மத்தியானம் பள்ளிக்கூடத்துக்கு இடியாப்பம், சில நாள் மாறுதலுக்குக் கொழுக்கட்டை. தொட்டுக்கொள்ள உப்புப் போட்ட புளித்தண்ணீர், அதுவும் இல்லாவிட்டால் ஒரு சிட்டிகை சர்க்கரை.

வகுப்பில் என் மவுசு கூடிவிட்டது. "உங்க வூட்ல தெனமும் டிபனாடி?" என்று பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள். ரோஸ்லின் என்று ஒரு தோழி, தன் சாம்பார் சாதத்தை என்னிடம் கொடுத்துவிட்டு என் இடியாப்பத்தைச் சாப்பிடுவாள். நான் அந்தச் சாதத்தை, ஒரே மாதிரி வெந்த பொன்னிச் சாதத்தை, ஒவ்வொரு பருக்கையாக ருசித்துச் சாப்பிடுவேன். யார் யாரை ஏமாற்றினோம் என்று எனக்கு அப்போது தெரியாது. ரோஸ்லினுடைய அம்மா பிலோமினா ஆன்ட்டி, டீச்சரோடு அரிசி அளந்து போடும் பெண்களில் ஒருவர்.

ரோஸ்லின் வீட்டில் போய் அடம் பிடித்திருக்கிறாள். "அமலி வூட்ல மட்டும் தெனமும் இடியாப்பம், நம்ம வூட்ல எப்பப் பாரு சோறு." குழந்தை, பாவம், அதில் என்ன தப்பு. ஆனால் அந்தப் பேச்சு பிலோமினா ஆன்ட்டியிடமிருந்து கூட அளக்கும் இன்னொரு பெண்ணுக்குப் போய், "டிபன் சாப்புடுற குடும்பத்துக்குப் பிடியரிசி என்னாத்துக்கு?" என்று ஆகி, புரட்டாசி கடைசியில் ஒரு நாள் காலை ஜெசிந்தா டீச்சர் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். அப்பாவைப் பார்க்க வந்ததாகத்தான் சொன்னார்.

அடுப்பில் உருண்டை அவிந்துகொண்டிருந்தது. அப்பா கையில் அச்சு. அக்கா பாடம் படித்தபடியே தட்டுகளை வாங்கி அடுக்கிக்கொண்டிருந்தாள். டீச்சருக்கு அம்மா நாற்காலி போட்டு, வந்தவரை வெறும் வயிற்றோடு அனுப்பக் கூடாதென்று ஒரு தட்டில் இரண்டு இடியாப்பம் வைத்து, இருந்த சர்க்கரை முழுவதையும் மேலே தூவிக் கொடுத்தார். டீச்சர் நிதானமாகச் சாப்பிட்டார்.

"எவ்ளோ நைஸா இருக்கு! இன்னா அரிசிம்மா இது?" என்று கேட்டார்.

அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா அச்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். 'நீங்கள் கொடுத்த அரிசிதான் டீச்சர், சோறு ஆக்க முடியவில்லை, அதனால்தான்' என்று சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம். அக்காவின் பள்ளிக்கூடம் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது.

"நல்ல அரிசிதான் டீச்சர்" என்றார் அம்மா.

டீச்சர் கையைக் கழுவிக்கொண்டு, அப்பாவின் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு, வாசலுக்கு வந்து அம்மாவிடம் தன்மையாகவே சொன்னார். "கோச்சிக்காதம்மா. ஒன்னவிடக் கஷ்டப்படுறவுங்க ஜாஸ்தி இருக்காங்க. அவுங்களுக்கும் பாக்கணும் இல்ல?" அம்மா தலையாட்டினார். அடுத்த ஞாயிறு அக்கா வெறும் கூடையோடு திரும்பினாள்.

ஏன் சொல்லவில்லை என்று பிற்பாடு, நான் சம்பாதிக்கத் தொடங்கிய பிறகு, அம்மாவிடம் ஒரு தரம் சண்டையாகவே கேட்டேன். "தர்மத்துக்குக் குடுக்குறதப் போயி நொட்டை சொல்லச் சொல்றியா? நாளைக்கு இன்னொருத்திக்கும் குடுக்காம வுட்டுட்டா?" என்றார்.

தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. சிதம்பரத்தில் ஒரு துணிக்கடையில் சீசனுக்கு ஆள் எடுக்கிறார்கள், தங்க இடமும் சாப்பாடும் உண்டு என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். வீட்டில் ஒரு வாய் குறையும், கையில் கொஞ்சம் காசும் வரும். "தீவாளி முடிஞ்சதும் வந்து பரீட்சைக்குப் படிச்சிக்கலாம்" என்று அம்மா சொன்னார். அக்கா புத்தகங்களையும் பையில் வைத்துக்கொண்டுதான் பஸ் ஏறினாள். தீபாவளி முடிந்தது, கிறிஸ்துமஸ் சீசன் என்றார்கள். கிறிஸ்துமஸ் முடிந்தது, பொங்கல் என்றார்கள். பொங்கலுக்கு அப்பா கைத்தடி ஊன்றி எழுந்து நின்றார், ஆனால் மரமேற முடியாது என்று ஆகிவிட்டதால் மைக்செட்டை விற்றுவிட்டார். அக்கா திரும்பிப் பள்ளிக்கூடம் போகவே இல்லை. உட்காரக் கூடாது என்று சட்டம் போட்ட கடையில் அவள் நின்ற காலில்தான் நான் கல்லூரி வரைக்கும் படித்தேன்.

இதில் எனக்கு ஆறவே ஆறாதது வேறொன்று. அரிசி நின்ற பிறகும் நான் வசூலுக்குப் போய்க்கொண்டிருந்தேன். நின்றால் சந்தேகம் வரும் என்று அம்மா விடவில்லை. அந்த மழைக்காலத்தில் வயிற்றில் காலையில் குடித்த வரக்காப்பியோடு, தோளில் பத்து வீட்டு அரிசியோடு எங்கள் வீட்டு வாசலைத் தாண்டியே கோயிலுக்குப் போவேன். பொங்கலுக்குப் பிறகு வந்த கோயில் திருவிழாவில் டீச்சர் என்னை மேடைக்குக் கூப்பிட்டு, "சேவை மனப்பான்மை" என்று மைக்கில் பாராட்டி, ஒரு எவர்சில்வர் தட்டு பரிசாகக் கொடுத்தார். எல்லாரும் கைதட்டினார்கள். அப்பா கூடத் தட்டினார்.

இப்போது பிடியரிசி டப்பாக்கள் எந்த வீட்டிலும் இல்லை. குக்கருக்கு அளந்து போடுகிறவர்களுக்கு ஒரு பிடியை எடுக்கத் தோன்றுவதில்லை. ட்ரம் இருந்த அறையில் பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். டீச்சரும் இல்லை, அம்மாவும் போன வருஷம் போய்விட்டார். அதனால்தான் இதை எழுத முடிகிறது. நான் சிதம்பரத்தில் வேலை பார்க்கிறேன். எங்கள் அலுவலகத்தில் சேவைக்கென்று ஒரு வாட்ஸப் குழு இருக்கிறது, நானும் அதில் பணம் போடுகிறேன். இப்போது கொடுக்கிற அரிசி மூட்டை கட்டி ஒட்டியது, ஒரே ரகம், சீராக வேகும். அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

சென்ற மழையில் வெள்ளாற்றுத் தண்ணீர் ஏறிய சேத்தியாத்தோப்புப் பக்கத்துத் தெரு ஒன்றில் வீடு வீடாக அரிசி கொடுக்கப் போனவர்கள், முதலில் யார் யாருக்குத் தேவை என்று பார்க்க ஒவ்வொரு வீட்டையும் படம் எடுத்துக் குழுவில் போட்டார்கள். ஒரு படத்தில் ஒரு அம்மாள் வாசலில் நிற்கிறார், பின்னால் அடுப்பில் குழம்பு. யாரோ பெரிதாக்கிப் பார்த்திருக்கிறார். "இவங்க வீட்ல மீன் கொழம்பே கொதிக்குது சார், நம்ம அரிசி கிட் எதுக்கு?" என்று போட, கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். வெள்ளத்தில் வயலுக்கு வந்த மீனைப் பிள்ளைகள் கையாலேயே பிடிப்பார்கள், அது காசு கொடுத்து வாங்கியதாக இருக்காது என்று நான் எழுதினேன். "ஜென்யூன் கேஸ் நெறைய வெயிட்டிங் மேடம்" என்று பதில் வந்தது. அந்த வீட்டு மூட்டை அடுத்த தெருவுக்குப் போய்விட்டது.

அன்று அக்கா வீட்டுக்கு வந்திருந்தாள். காலில் நரம்பு முடிச்சுகளுக்கு இறுக்கமான உறை போட்டுக்கொண்டு நடக்கிறாள். அந்தப் படத்தை அவளிடம் காட்டி நடந்ததைச் சொன்னேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அந்த வூட்ல படிக்கிற வயசுல பொண்ணு இருக்குதா?" என்று கேட்டாள்.

யாரும் விசாரிக்கவில்லை என்றேன்.