முகமூடிக்காரியின் கடைசி கேசட்

வளைகுடா நாட்டில், சத்வாவின் வீடியோ கடையில் வேலை பார்த்த கீழக்கரை மீராசாவுக்கு அந்த வருடம் முழுக்க இருப்புக்கொள்ளவில்லை. ஊரே டிவிடிக்கு மாறிக்கொண்டிருக்க, இந்த மனிதர் ஒரு பழைய ஜப்பான் நாடகத்தின் கடைசி கேசட்டைத் தேடி அலைந்தார். அரபியில் குரல் கொடுத்த பெண்கள் மல்யுத்த நாடகம். முகமூடி போட்ட நாயகி வாராவாரம் அடிவாங்கித் தோற்பாள்; மறுவாரம் வெட்கமில்லாமல் மறுபடி மேடையேறுவாள். அதில் அப்படி என்னதான் இருக்கிறதோ, அதைச் சேகரிக்கவென்றே குவைத்திலும் பஹ்ரைனிலும் ஆட்கள் இருந்தார்கள். எந்த டிவியும் திரும்பப் போடாத நாடகம். கடைசியில் அவள் ஜெயித்தாளா என்பது ஒருவருக்கும் தெரியாது.

"என்ன பாய், கிடைச்சுதா?" என்று போனில் கேட்பார், குவைத் அப்பாசியாவில் அதே நாடகத்தைச் சேகரிக்கும் ஜெயசீலன்.

"மாஃபி, இல்லப்பா" என்று போனை வைத்துவிட்டு, மறுபடி அலமாரியைக் குடைவார் மீராசா. சோறு இறங்காது.

ஒருநாள் பொறி தட்டியது. வீட்டுக்கு அனுப்பிய பெட்டியில் சென்ட் பாட்டில் உடையாமலிருக்கப் பழைய கேசட்டுகளை அண்டக் கொடுத்திருந்தாரே! உடனே மனைவி ஜுலைஹா பீவியைக் கூப்பிட்டார்.

"அரபி எழுத்து போட்டதா? அதுலதானேங்க பாஹிமா நிக்காஹை ஏத்திக் கொடுத்தான் ஸ்டூடியோக்காரன். ஃபாரின் கேசட்டு, படம் தெளிவா விழும்னு நான்தான் கொடுத்தேன். அதைத்தானே உங்களுக்கு அனுப்பி வச்சேன். ஏன், நீங்க பாக்கலையா?"

"பாத்தேனே" என்று சமாளித்தார். எங்கே பார்த்தார்? கஃபீல் முதலாளி லீவு கொடுக்காததால் பெற்ற மகளின் கல்யாணத்துக்கே போகவில்லை. எந்த முகத்தோடு பார்ப்பது என்று, ஊரிலிருந்து வந்த அந்தக் கேசட்டை ஜிகினாத்தாளைக்கூடப் பிரிக்காமல் பெட்டியடியில் போட்டிருந்தார். நிக்காஹ் முடிந்தபின் நாடாவில் மல்யுத்தம் மிச்சமிருக்குமே! அட பாவி மனுஷா, அப்போதும் புத்தி போன இடத்தைப் பாருங்கள்.

மதியம் கடையடைத்த நேரத்தில் கேசட்டைப் போட்டு ஓட்டினார். மாப்பிள்ளை ஓடினார், பிரியாணி சஹன் தட்டு ஓடியது, சொந்தபந்தமெல்லாம் ஓடியது. மணக்கோலத்தில் பாஹிமா நேராகப் பார்த்ததும் ஓட்டும் பொத்தானிலிருந்து விரல் தானாக எடுபட்டது.

"வாப்பா, எந்த இடத்துல அழுதீங்கன்னு போன்ல சொல்லணும், சரியா?"

போன் பேசும்போதெல்லாம் 'நல்லா இருந்துச்சும்மா' என்று மட்டுமே சொல்லி வந்திருக்கிறார். பார்க்கவில்லை என்பது பிள்ளைக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது; ஒரு வார்த்தை கேட்கவில்லை.

முதலிலிருந்து போட்டு, ஒன்று விடாமல் பார்த்தார். கல்யாணம் முடிந்து படம் கோடுகோடாக இழுத்தது. பின்னால் மல்யுத்த மணி அடித்தது, அரபியில் கூட்டம் ஆர்ப்பரித்தது, யாரோ ஒருத்தியின் கையைத் தூக்கினார்கள். மீராசா திரும்பவில்லை, போனைச் சுழற்றிக்கொண்டிருந்தார்.

"பாஹிமா, இப்பதாம்மா அழுதேன்."