பூட்டிய கதவுக்கு முன்னால் 312 பேர்

"காச எடுத்துக்கிட்டு பினாங்குக்கு ஓடிருச்சாம் லா அந்த கேம் பொண்ணு. எங்க ஆபீஸ்ல பேசிக்கிறாங்க," என்றார் நண்பர் விஜயன், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையில். அந்த கேமுக்கு நானும் ஐம்பது வெள்ளி, அதாவது ஐம்பது ரிங்கிட், போட்டவன். விசா புதுப்பிப்புக்குக் காத்திருப்பவனுக்கு எந்த வதந்தியும் நிஜமாகவே கேட்கும். சனிக்கிழமை கிள்ளானுக்கு ரயிலேறினேன்.

அந்தப் பெண், ரசியா, ஓடவில்லை. சைக்கிள் கடைக்கு மேல்மாடி அறையில், போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். "ஆன்டி, கதவு பூட்டியிருக்கு. நீங்க என்ன செய்வீங்க? பக்கத்து வீட்டுல கேப்பீங்களா? சரி, போட்டுர்றேன்."

வார நாட்களில் போர்ட் கிள்ளான் கிடங்கு ஒன்றில் வேலை. மற்ற நேரமெல்லாம் இந்த வீடியோ கேம். அதில் படமே கிடையாது. திரையில் எழுத்து மட்டும்: "கிடங்குக் கதவு பூட்டியிருக்கிறது." என்ன செய்வதென்று நாம் எழுதினால் கதை நகரும். உலகம் எப்போதோ கைவிட்ட வகை. தமிழில் செய்ய இணையத்தில் ஆதரவு கேட்டார். 312 பேர் பணம் அனுப்பினார்கள்.

முதல் சோதனையிலேயே சிக்கல். ஆடுபவர்கள் சாவியைத் தேடுவார்கள், பூட்டை உடைப்பார்கள் என்று ரசியா நினைத்திருந்தார். எல்லோரும் "ஜாகாவக் கூப்பிடு" என்று காவல்காரரை அழைத்தார்கள். கேமில் காவல்காரரே இல்லை.

"நம்மாளு கதவ ஒடைக்க மாட்டான் அண்ணே. யாரையாச்சும் கூப்பிடுவான். எனக்குத்தான் தோணல."

அன்றிலிருந்து பணம் தந்த ஒவ்வொருவரையும் அழைத்துக் கேட்கிறார். அத்தனை பேரின் பதிலும் கேமில் இருக்கும் என்று வாக்கும் கொடுத்துவிட்டார். அதனால் வெளியீடு இரண்டு முறை தள்ளிப்போனது. இன்று மாலை ஆறு மணி கடைசிக் கெடு. தவறினால் எல்லோரும் பணத்தைத் திரும்பக் கேட்கலாம் என்பது பணம் திரட்டிய இணையதளத்தின் விதி.

நான் வந்ததும் என்னிடம் கேட்டு எழுதிக்கொண்டதையும் சேர்த்து, நோட்டில் 311 பதில்கள். மீதி ஒருவர், இதுவரை போனை எடுக்காத, லோரி ஓட்டும் நாகையா.

"ஒருத்தர்தானே, விட்டுடுங்களேன்," என்றேன். கெடு தவறினால் கேமே நின்றுபோகுமே என்ற கவலை எனக்கு.

"மொதல்ல காசு போட்டதே அவருதான் லா."

மணி ஐந்து ஐம்பத்திரண்டு. திரையில் 'வெளியிடு' பொத்தான் தயாராக இருந்தது. ரசியா நாகையாவின் எண்ணை அழுத்தி, போனை மேசையில் வைத்தார். போனில் மணி அடித்தது. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அவர் மவுஸை எட்டாத தூரத்துக்குத் தள்ளிவிட்டு, நோட்டில் 312 என்று எண் போட்டு, பேனாவைக் கையிலேயே வைத்துக்கொண்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது.