ஏலாமல் போகும் நாளுக்கான காப்புறுதி

இந்த நாட்டில் தேநீர் குடித்துக்கொண்டே ஒருவர் உங்களிடம், "தனியாகக் குளிக்க முடியாமல் போனால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்கலாம். டொராண்டோவில் எங்கள் சமையலறை மேசையில் உட்கார்ந்து காப்புறுதி முகவர் டொனா அப்படித்தான் கேட்டார். எங்கள் ஊர் கல்முனையில் இந்தப் பேச்சை எடுத்தால் வாயைக் கழுவச் சொல்வார்கள். நான் அவருடைய கோப்பையில் இன்னும் கொஞ்சம் தேநீர் ஊற்றினேன்.

"ஐந்து வருடம் கழித்தும் இதே வேலையில் இருப்பீர்களா?"

"இன்ஷா அல்லாஹ்."

"அது ஆமாவா, இல்லையா?"

என் கணவர் நஸீர் எனக்காக "யெஸ்" என்றார். இறைவன் நாடினால் என்று நான் சொன்னது டொனாவின் கணினியில் ஒரு சரி அடையாளமாகப் போய் விழுந்தது.

முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பாளராக வேலை செய்கிறேன். தூக்குவது, புரட்டிப் படுக்க வைப்பது, குளிக்க வார்ப்பது. கம்பனியே காப்புறுதி தந்திருந்தது. அது போதும் என்றுதான் இருந்தேன், என்னோடு வேலை செய்த செல்வி அக்காவுக்கு நடந்ததைப் பார்க்கும் வரை. அவர் திருக்கோவில்காரர்; எங்கள் ஊருக்குத் தெற்கேயுள்ள தமிழர் ஊர் அது. யுத்த காலத்தில் ஊரில் இருந்தபோது அந்தப் பக்கம் போக முஸ்லிம்களான எங்களுக்குக் காரணமும் இருக்கவில்லை, துணிச்சலும் இருக்கவில்லை. இங்கே ஒரே பஸ்ஸில் போய், ஒரே பெட்டி இடியப்பத்தைப் பாதி பாதியாகச் சாப்பிட்டோம். அவருடைய விரல் மூட்டுகள் வீங்கி, கை மடங்காமல் போனது. கம்பனிக் காப்புறுதி இரண்டு வருடம் பணம் கொடுத்தது. பிறகு, பழைய வேலை முடியாவிட்டாலும் வேறு ஏதாவது வேலை செய்யலாம்தானே என்று நிறுத்திவிட்டது.

"டெலிபோனுக்குப் பதில் சொல்லலாமாம். அதை எந்தக் கையால பிடிக்கிற எண்டு சொல்லல்ல, தங்கச்சி," என்றார். "கம்பனிய நம்பி இரியாத. இந்த வேலை ஏலாமப் போனாலே காசு தாற மாதிரி உன்ட பேருல ஒண்டு எடு."

நஸீருக்கு மனமில்லை. "நாளைக்கு நடக்கிறது அல்லாஹ்வுக்குத்தான் தெரியும், புள்ள." காப்புறுதி எடுப்பது மார்க்கத்தில் ஆகுமா என்று மௌலவியிடம் கேட்டார். இதில் பல கருத்துண்டு, உங்கள் நிலைமையைப் பார்த்து முடிவெடுங்கள் என்றாராம். அன்று நான் கேட்டேன்: "நான் ஏலாமக் கிடந்தா ஆரு குளிக்க வார்க்கிற?"

"நான்தான்."

"அப்ப உங்கட வேலைக்கு ஆரு போற?"

மறுநாள் அவரேதான் டொனாவுக்கு அழைப்பெடுத்தார்.

ஊரில் வாப்பா பக்கவாதத்தில் விழுந்தபோது எங்களுக்குக் காப்புறுதி என்ற சொல்லே தெரியாது. வயலை மாமா பார்த்தார். பக்கத்து வீட்டுக்காரர் வெள்ளிக்கிழமைகளில் வாப்பாவைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பள்ளிவாசலில் உட்கார வைத்தார். சொந்தமும் அயலும் சேர்ந்து தாங்கினார்கள் என்று நான் இங்கே பெருமையாகச் சொல்வதுண்டு. ஆனால் இரவும் பகலும் வாப்பாவோடு இருந்தது என் தங்கை ஜெஸ்மின். ஆசிரியப் பயிற்சிக்குத் தெரிவாகியிருந்தவள், போகவில்லை. ஊர் தந்த அந்தக் காப்புறுதிக்குத் தவணை கட்டியவள் அவள்தான்.

கையெழுத்துப் போடுமுன் டொனாவிடம் ஒன்று கேட்டேன்: "எனக்கு ஏலாமல் போனால் ஊருக்குப் போகலாமா?"

"விடுமுறைக்குத் தாராளமாகப் போகலாம்."

"விடுமுறைக்கில்லை. அங்கேயே படுத்துக் கிடக்க."

"அங்கே நல்ல ஆஸ்பத்திரி இருக்கிறதா?"

திரும்பத் திரும்பச் சொன்ன பிறகுதான் அவருக்கு விளங்கியது. கணினியிலிருந்து கையை எடுத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: வெளிநாட்டில் நெடுங்காலம் தங்கினால் இந்தப் பணம் நின்றுவிடும். உடம்பு விழுந்தால் ஊருக்குப் போய்விடுவோம் என்ற நினைப்பில்தான் இத்தனை குளிர்காலங்களைக் கடந்திருக்கிறேன். விழுந்த பிறகும் இங்கே கிடந்தால்தான் காசு. நஸீர் என் முகத்தைப் பார்த்தார். நான் கையெழுத்துப் போட்டேன்.

அந்த வாரம் ஜெஸ்மின் அழைத்தாள். காப்புறுதி எடுத்ததைச் சொன்னேன். அந்த நிபந்தனையைச் சொல்லவில்லை.

"அதெல்லாம் என்னத்துக்கு ராத்தா? ஏலாமப் போனா இஞ்ச வாங்க. உங்கட ஊடு சும்மாதானே கிடக்கு. கட்டில எந்தப் பக்கம் போட?"

"ஜன்னல் பக்கமாப் போடு," என்றேன்.

போட்டுவிட்டுப் படம் அனுப்பியிருந்தாள். கட்டில் ஜன்னலோரம் இருந்தது. அதன் ஒரு பாதியில் நெல் மூட்டைகள். விலை ஏறினதும் எடுத்துவிடுவாளாம். மற்றப் பாதியில் துவைத்த விரிப்பொன்றைச் சுருக்கமில்லாமல் விரித்திருந்தாள்.