மேலே இருந்து வந்த குரல்

கட்டையன் என்பது ராணுவம் வைத்த பெயர். அதற்கு முன்பும் உயரத்துக்காக அவர் கேட்ட கேலி கொஞ்சநஞ்சமல்ல. ஆளெடுப்பு வரிசையில் நின்றபோது மட்டும், பயிற்சி அதிகாரி அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “இவன் டாங்கிக்குள்ள தலை இடிக்காம உட்காருவான்” என்று தனியே நிறுத்திக்கொண்டார். குட்டையாகப் பிறந்ததற்கு அன்றுதான் ஒரு பலன் கிடைத்தது.

அவர் சேர்ந்த படைப்பிரிவு ஒரு காலத்தில் குதிரைப்படையாக இருந்தது. குதிரைகள் போய் டாங்கிகள் வந்து இரண்டு தலைமுறை கடந்தும், டாங்கிகள் நிற்கும் கொட்டகைக்குப் பெயர் லாயம்தான். காலையில் டாங்கியைக் கிளப்பும் முன் அதன் முகப்பைத் தட்டிக்கொடுக்க வேண்டும்.

“குதிரையைத் தட்டிக்கொடுக்கலேன்னா உதைக்கும்டா” என்பார்கள் மூத்தவர்கள்.

“இது இரும்புண்ணே.”

“அதான் சொல்றேன். இது உதைச்சா தாங்குவியா?”

டாங்கிக்குள் நான்கு பேர். பீரங்கி சுடுபவரும் அதில் குண்டு நிரப்புபவரும் நடுவில். ஓட்டுநரான கட்டையன் முன்னால், தனியாக, ஏறக்குறைய படுத்த மாதிரி. பின்னால் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியவே தெரியாது. டாங்கியின் தலைவர் மேல் மூடியைத் திறந்து, தலையை வெளியே நீட்டி நின்றபடி வழி சொல்வார். அது ஹெட்போன் வழியாகக் கட்டையன் காதில் விழும். தலைவர் வாத்தியார் வேலைக்குப் படித்துவிட்டு ராணுவத்துக்கு வந்தவர். அதனால் எல்லோருக்கும் அவர் ‘வாத்தியார்’.

வாத்தியாருக்குப் புதிதாகக் கல்யாணம் ஆகியிருந்தது. நீண்ட பயணங்களில், வழி சொல்ல எதுவும் இல்லாதபோது மனைவியைப் பற்றிப் பேசிக்கொண்டே வருவார். பூட்டின பூட்டைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்ப்பாளாம். சண்டை போட்டால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ள வராதாம், பாதியில் சிரித்துவிடுவாளாம். முகம் பார்க்காத அந்தப் பெண் கட்டையனுக்குச் சொந்தத் தங்கை மாதிரி ஆகிப்போனாள்.

பிறகு சண்டை வந்தது. ஆற்றங்கரையில் முன்னேறிப் போன டாங்கிகளுக்கு நடுப்பகலில் பின்வாங்கும் உத்தரவு கிடைத்தது. திருப்ப இடமில்லை, பின்பக்கமாகவே வர வேண்டும். எதிரிக் குண்டுகள் விழுந்துகொண்டிருக்க, வாத்தியார் தலையை உள்ளே இழுக்காமல் வழி சொன்னார்.

“இடது… இன்னும் கொஞ்சம்… அங்கதான், அங்கதான்…”

அதற்கு மேல் குரல் வரவில்லை. கட்டையன் பிரேக்கை மிதித்துக்கொண்டு அடுத்த சொல்லுக்காகக் காத்திருந்தார். பீரங்கிக்காரர்தான் அலறினார்: “வாத்தியார் போயிட்டாருடா, ஓட்டு!” கண்ணைக் கட்டிவிட்ட மாதிரி ஓட்டினார் கட்டையன். உள்ளே இருந்த மூவரும் பிழைத்தார்கள்.

ராணுவத்தை விட்டு வந்தபின் கட்டையனுக்கு நகராட்சிக் குப்பைமேட்டில் புல்டோசர் ஓட்டும் வேலை கிடைத்தது. அதுவும் சங்கிலிச் சக்கரம்தான், அந்த வரையில் கை பழகியது. ஆனால் பின்னால் எடுக்க வேண்டி வந்தால் மட்டும் கியரைப் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்திருப்பார். கூட வேலை செய்பவர்கள், “பின்னாடி யாரும் இல்லண்ணே, வாங்க!” என்று கத்துவார்கள். யாரும் இல்லை என்பது அவருக்குத் தெரியாதா?

தலை நரைத்த பிறகு ஒருநாள் பீரங்கிக்காரர் போனில் கூப்பிட்டார். படைப்பிரிவையே கலைக்கப் போகிறார்களாம். டாங்கிகளை வேறு பிரிவுகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறார்களாம். பழைய ஆட்கள் குடும்பத்தோடு வரலாமாம். கட்டையன் மனைவியைக் கூட்டிக்கொண்டு போனார்.

லாயத்து வாசலில் ஒரு பெண்மணி அவரைத் தேடி வந்தார்.

“நீங்கதானே ஓட்டுநர் அண்ணன்? உயரத்தை வெச்சே கண்டுபிடிச்சேன். அவர் சொல்லியிருக்கார்” என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். வாத்தியாரின் மனைவி. சண்டை முடிந்த கையோடு அந்தப் பெண்ணின் அண்ணன் வந்து எங்கோ தூர ஊருக்கு அழைத்துப் போயிருந்தார். கட்டையன் விசாரித்தும் விலாசம் கிடைக்கவில்லை.

“அவர் நின்ன இடத்துல ஒரு தடவை நின்னு பார்க்கணும்ணா.”

பொறுப்பிலிருந்த இளம் அதிகாரி தயங்கிவிட்டுச் சரி என்றார். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அந்த அம்மா வாத்தியாரின் பழைய டாங்கி மேலே ஏறி, ஹெட்போனை மாட்டிக்கொண்டார். கட்டையன் தன் பழைய இருக்கைக்குள் நுழைந்தார். வயிறுதான் இப்போது இடித்தது.

“அண்ணா, கேக்குதா?”

அந்த இடத்திலிருந்து ஒரு குரல். கட்டையனின் கால் தானாகப் பிரேக்கை மிதித்தது. “கேக்குதும்மா” என்றார்.

“கடைசியா என்ன சொன்னாருண்ணா?”

உன்னைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயெடுத்தார். ஆனால் அந்தக் கம்பி வழியாக அவர் ஒருநாளும் பொய் சொன்னதில்லை.

“பெருசா ஒண்ணும் இல்லம்மா. வழிதான் சொன்னாரு. ‘இடது, இன்னும் கொஞ்சம், அங்கதான், அங்கதான்’னாரு. அவ்ளோதான்.”

சொல்லியிருக்கக் கூடாதோ என்று அவர் பதறும்போது, மறுமுனையில் சிரிப்பு கேட்டது.

“முதுகு சொறியச் சொன்னாலும் இதேதாண்ணா சொல்லுவாரு! ஒரு எழுத்து மாறாது!”

சிரிப்பு மெல்ல அழுகையாகி, மறுபடியும் சிரிப்பானது. கட்டையனும் சிரித்தார். கண்ணைத் துடைக்கக் கையை உயர்த்தவும் அங்கே இடமில்லை.

கீழே அவர் மனைவி, “ரெண்டு பேரும் உள்ளயே குடித்தனம் வெச்சுட்டீங்களா? கொடி இறக்கப் போறாங்க, வாங்க!” என்று தட்டினார்.

கொடி இறங்கியது. பெரிய லாரிகள் வந்தன. இளைஞர்கள் டாங்கிகளை ஒவ்வொன்றாக லாயத்திலிருந்து ஓட்டிவந்து அவற்றில் ஏற்றினார்கள். கூட்டம் கலைந்தது. பெண்கள் இருவரும் போன் நம்பரை வாங்கிக்கொண்டு, அதற்குள் பல வருஷத்துச் சிநேகிதிகள் மாதிரி பேசிக்கொண்டு நடந்தார்கள். கட்டையன் மட்டும், அன்று போலவே அடுத்த சொல்லுக்காகக் காத்திருப்பவர் மாதிரி, லாயத்து வாசலிலேயே நின்றார்.

மனைவி திரும்பி வந்தார். “எல்லாம் போயாச்சுங்க. பஸ்ஸை விட்டுறப் போறோம்.”

“இரு. இன்னும் ஒண்ணு வரணும்.”

உள்ளே ஒன்றும் இல்லை என்று மனைவிக்கும் தெரிந்தது. பையைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றுகொண்டார்.