சுட்ட முனை

மகளின் ரிப்பன் நுனி பிரிந்துகொண்டே இருந்ததால் லைட்டரைப் பற்றவைத்துச் சுட்டேன். நைலோன் உருகும் நாற்றம் எழுந்ததும் என் கை நின்றுவிட்டது. கிண்ணியாவில் எங்கள் வீடு முழுக்க ஒருகாலத்தில் இந்த நாற்றம்தான்.

வாப்பா கடலடியில் கம்பிக்கூடு வைத்து மீன் பிடித்தவர். கூட்டையும் மிதவையையும் இணைக்கும் நைலோன் கயிற்றை வெட்டினால் உடனே முனையைச் சுட்டு, சூடு ஆறுமுன் விரலால் மணிபோல உருட்டிவிடுவார். உம்மாவின் தம்பிக்கும் அவர்தான் அதைப் பழக்கினார். மாமா பிறகு இழுவைப்படகில் கூலிக்குப் போய்விட்டார்.

கரையோரத்தில் இழுவை வலை போடக்கூடாது என்பது சட்டம். ஆனாலும் ஒருநாள் விடிய வாப்பா போய்ப் பார்த்தபோது கூடுகள் எதுவும் இல்லை. மிதவை மட்டும் துண்டுக் கயிற்றோடு மிதந்தது. அதைக் கரைக்குக் கொண்டுவந்தார். வெட்டிய முனை சுடப்பட்டு, மணிபோல உருட்டப்பட்டிருந்தது. கை பழகிய வேலையை மாமா மறக்கவில்லை.

உம்மா முனையைப் பார்க்கவில்லை. "இழுவைக்காரன்தானே அறுத்தான்? சங்கத்துல சொல்லுங்க," என்று அழுதார்.

"இல்ல புள்ள, கல்லுல உரசி அறுந்திருக்கு," என்றார் வாப்பா.

மீனவர் சங்கத்து ஆட்கள் வருமுன் வீட்டு வளவுக்குள் குந்தியிருந்து, அந்த மணியைக் கத்தியால் சீவியெறிந்து, கயிற்றை நகத்தால் இழை இழையாகப் பிரித்தார்.

அன்று பின்னேரம் மாமா வந்தார். வாப்பாதான் சோறு போடச் சொன்னார். சுவரில் தொங்கிய மிதவையையும் பிரிந்த கயிற்றையும் கண்ட மாமா, பிசைந்த சோற்றை வாய்க்குக் கொண்டுபோகவே இல்லை.

"உம்மா, ரிப்பன் ஆறிப்போகுது, எப்பவும்போல உருட்டுங்களேன்," என்றாள் மகள்.

எனக்கு ஏலவில்லை.