ஜெரோமின் ஐந்தாவது பவுல்

கூடைப்பந்தில் ஸ்கோர் எழுதுகிறவளை, ஏதாவது தவறு நடந்தால் தவிர, யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. உங்களில் யாராவது ஒரு சங்கத்திலோ விளையாட்டுக் குழுவிலோ, "படிச்ச பிள்ளைதானே" என்ற ஒரே காரணத்துக்காகப் பேனையோடு உட்காரவைக்கப்பட்டிருந்தால் நான் சொல்லப்போவது புரியும். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான். படித்தது புள்ளியியல். தொண்ணூறுகளின் நடுவில், வேலைக்கு விண்ணப்பம் மேல் விண்ணப்பமாகப் போட்டுக்கொண்டிருந்த நாட்களில், லண்டனில் நோர்பரித் தமிழ்ப் பொடியன்களின் அணிக்கு நான்தான் செயலாளர், நான்தான் ஸ்கோர் எழுதுகிறவள். எழுதிய எண்ணை மூன்று தரம் பார்க்காமல் அடுத்த எண்ணுக்குப் போகமாட்டேன். அப்படியும் வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் தாளை விரித்துத் திரும்பவும் கூட்டிப் பார்ப்பேன்.

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். எல்லாவற்றையும் தொடக்கிவைத்த சம்பவத்தை நான் பார்க்கவில்லை. வெம்பிளி அணியின் ஜெரோம் என்ற ஆறடி நாலங்குல ஆள், கோடையில் இல்ஃபோர்டில் நடந்த போட்டியில் ஒரே ஆட்டத்தில் முப்பத்தெட்டுப் புள்ளி எடுத்தார் என்று எங்கள் மனேஜர் பாலா அண்ணை சொன்னார். அவருக்கு அவருடைய மச்சான் சொன்னாராம். மச்சானும் பிந்திப் போய்க் கடைசிப் பத்து நிமிடம்தான் பார்த்தாராம். ஆனால் பாலா அண்ணை அந்த எண்ணைச் சொன்னபோது அவருடைய குரலே மாறிவிட்டது.

"முப்பத்தெட்டு, பிள்ளை! சில சனிக்கிழமை எங்கட ஆக்கள் எல்லாருமாச் சேந்து எடுக்கிறதே அவ்வளவுதான்."

ஐந்து அட்டைகள்

எங்கள் லீக்கின் ஆட்டங்கள் எல்லாம் சனிக்கிழமை பின்னேரங்களில் ஒரே மண்டபத்தில் நடக்கும். வேறு ஆள் கிடைக்காததால் எல்லா ஆட்டத்துக்கும் நானே எழுதினேன். முதல் பாதிக்குச் சிவப்புப் பேனை, இரண்டாம் பாதிக்கு நீலம். ஒருவர் எதிராளியை இடித்தோ பிடித்தோ பவுல் செய்தால் அது அவருக்கு எத்தனையாவது என்று எண் போட்ட அட்டையை உயர்த்திக் காட்ட வேண்டும். ஐந்தாவது அட்டை உயர்ந்தால் அவர் வெளியே போக வேண்டும்.

ஜெரோமை நான் முதலில் பார்த்தது எங்களுக்கு எதிரான ஆட்டத்தில். இடைவேளைக்குள் பதினாறு புள்ளி எடுத்துவிட்டார். பந்து அவருடைய கைக்குப் போனால் எங்கள் பொடியன்கள் வழிவிட்டு நின்று பார்த்தார்கள். இரண்டாம் பாதியில் அதே மனிதர் ஆளை இடித்தார், கையில் அடித்தார், சட்டையைப் பிடித்தார். ஆட்டம் முடிய ஒன்பது நிமிடம் இருக்கும்போது நான் ஐந்தாவது அட்டையை உயர்த்தினேன். அவர் நேரே மேசைக்கு வந்து, முழங்கால்களில் கையூன்றிக் குனிந்து, மூச்சு வாங்கியபடி என் தாளைப் பார்த்தார். சிவப்பில் ஒன்று, நீலத்தில் நான்கு.

"தங்கச்சி, வடிவா எண்ணினனீங்களோ?"

முன் அறையில் ஒன்பது பேர்

ஜனவரியில் தொடர்ந்து நான்கு ஆட்டம் தோற்றோம். கடைசி இடத்தில் வந்தால் அடுத்த வருடம் லீக்கில் இடமில்லை. அந்த நேரம் பார்த்து வெம்பிளியிலிருந்து பாலா அண்ணைக்கு ஒரு போன். ஜெரோமைத் தருகிறோம், பதிலுக்குச் சுதனைத் தாருங்கள். மாதக் கடைசிக்குள் லீக்குக்கு ஆள்மாற்றுப் போம் நிரப்பி அனுப்ப வேண்டும்.

சுதன் என்னுடைய தம்பி. ஊரிலிருந்து வந்து இரண்டு வருடம். விசா விஷயம் இன்னும் முடிவாகவில்லை. கிழமைக்கு ஐந்து நாள் ஒரு ரெஸ்டோரண்ட் குசினியில் கோப்பை கழுவினான். வீட்டில் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசமாட்டான். சனிக்கிழமை மட்டும் மைதானத்தில் அவனுடைய குரல் கேட்கும்: "ரவி அண்ணை, இடப்பக்கம்! இடப்பக்கம்!" அவனை வெம்பிளிக்குக் கொடுத்தால் அவன் மறுக்கமாட்டான் என்று எனக்குத் தெரியும். இரண்டு சனிக்கிழமை போவான், பிறகு சத்தமில்லாமல் விளையாட்டையே விட்டுவிடுவான். அதுவும் எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை பாலா அண்ணையின் முன் அறையில் கூட்டம். ஒன்பது விளையாட்டுக்காரர்களும் வந்திருந்தார்கள். சுதனும்தான். அவனை வெளியே இருக்கச் சொல்ல வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ஹீற்றரோடு முதுகை ஒட்டிக்கொண்டு தரையில் இருந்தான்.

"அஞ்சு பவுல்காரனை எடுத்து என்ன செய்யிறது?"

"அஞ்சாவது பவுலுக்கு முன்னம் இருவது எடுத்துத் தாறானே."

"பேந்து வெளியில இருந்து கை தட்டுவான்."

"தட்டட்டும். நீ உள்ளுக்கு நிண்டு செய்யிறதைவிட அது பிரியோசனம்."

சிரிப்பு எழுந்து அடங்கியது. கப்டன் ரவி அண்ணை சிரிக்கவில்லை. "சுதன் நல்ல பொடியன். ஒருத்தரும் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா நாலு புள்ளி எடுக்கிறவனை வைச்சுக்கொண்டு லீக்கில நிக்கேலாது" என்றார்.

நான் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாரும் கத்தத் தொடங்க, பாலா அண்ணை கையைத் தூக்கினார். அடுத்த ஞாயிறு நான் சீசன் முழுவதின் தாள்களையும் கொண்டுவர வேண்டும், தாள் சொல்வதைக் கேட்போம், அதற்கிடையில் போமையும் நான் நிரப்பி வைக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார். அப்போதுதான் சுதன் முதல் தடவையாக வாயைத் திறந்தான்.

"எல்லாருக்கும் தேத்தண்ணி போடட்டோ, அண்ணை?"

தாளில் இல்லாத கட்டம்

போமில் தம்பியின் பெயரை என் கையால் எழுதினேன். பிறந்த தேதியும் எழுதினேன். பிறகு தாள்களை விரித்து வைத்தேன்.

ஜெரோம் ஏழு ஆட்டம், சராசரி இருபத்தொன்று. ஆறு ஆட்டத்தில் ஐந்து பவுலோடு வெளியேற்றம், ஒன்றில் நான்கு. சுதன் சராசரி நான்கு. ரவி அண்ணையின் புள்ளிகளில் பாதி சுதனின் கையிலிருந்து வந்த பந்துகள். அது மேசையிலிருந்து பார்த்த எனக்குத் தெரியும். ஆனால் பந்து கொடுத்தவனுக்குத் தாளில் கட்டம் கிடையாது. போட்டவனுக்கு மட்டும்தான் கட்டம்.

ஞாபகத்திலிருந்து ஒரு பட்டியல் எழுதலாமா என்று யோசித்தேன். பொய்யல்ல. ஆனால் எண்ணாமல் எழுதிய எண், அதுவும் தம்பிக்காக. இதைத்தான் படித்தாயா என்று என்னையே கேட்டேன். அன்று பின்னேரம் ரவி அண்ணை போன் எடுத்து, "தம்பி எண்டு பாத்து ஒண்டும் செய்துபோடாதையும்" என்று சொன்னபோது, யோசித்ததற்கே வெட்கமாக இருந்தது. போனை வைத்துவிட்டுத் திரும்பினால் வாசலில் சுதன்.

"அக்கா, எனக்காண்டி ஒண்டும் கூட்டிப் போடாதை."

ஆறு பெயர்கள்

புள்ளிகளைப் பார்த்து அலுத்து, பெயர்களை எண்ணத் தொடங்கினேன். பதற்றமானவர்கள் இப்படித்தான், எதையாவது எண்ணிக்கொண்டிருப்போம். போன வருடம், ஜெரோம் வருவதற்கு முன், வெம்பிளியின் தாளில் எப்போதும் எட்டுப் பெயர். இந்த வருடம் ஏழு ஆட்டத்திலும் ஆறு. ஒரு நல்ல ஆள் வந்த பிறகு அணி ஏன் சிறுக்க வேண்டும்?

வெம்பிளியின் செயலாளர் மாலினி அக்கா. ஆட்டங்களில் என் பக்கத்தில் உட்கார்ந்து மணிக்கூடு பார்ப்பவர். அவருக்குப் போன் எடுத்துக் கேட்டேன். விஷயத்தைச் சொன்னார். ஜெரோமுக்குச் சனிக்கிழமை வெம்பிளியில் ஒரு பெற்றோல் ஷெட்டில் காலை ஏழிலிருந்து இரவு ஏழுவரை ஷிப்ட். ஊரில் இருக்கும் குடும்பம் அந்த வேலையை நம்பித்தான் இருக்கிறது. தனக்குப் பதிலாக ஆள் நின்றால் மட்டுமே முதலாளி விடுவார். அதனால் ஒவ்வொரு சனியும் அணியில் மூன்று பேர் நாலு நாலு மணித்தியாலம் அங்கே நிற்கிறார்கள். அவர்களுக்கும் சனிக்கிழமை சொந்த வேலை இருக்கிறது, அதற்கிடையில் ஷெட்டிலும் நின்றுவிட்டு லண்டனின் மறுகோடிக்கு விளையாட வரமுடியாது.

"அப்ப எங்கட தம்பியை ஏன் அக்கா கேக்கிறியள்?" என்றேன். கேட்டிருக்கக் கூடாது.

"அவன் நல்லா விளையாடுறானோ எண்டு ஒருத்தரும் கதைக்கேல்லை, வதனி. அவனுக்குச் சனிக்கிழமை வேலை இல்லையாம், பதிலுக்கு ஒருத்தரும் நிக்கத் தேவையில்லை, அதுதான்."

கை தூக்கல்

அடுத்த ஞாயிறு எல்லாவற்றையும் வாசித்தேன். ஜெரோமின் இருபத்தொன்று. அவருடைய பவுல்கள். சுதனின் நான்கு. அதை வாசிக்கும்போது குரல் இறங்கியது, திரும்ப ஒருமுறை உரத்து வாசித்தேன். பந்து கொடுத்ததைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கடைசியாகப் பெற்றோல் ஷெட்.

"மூண்டு பேர் வெம்பிளிக்கோ? விடிய ஏழுக்கோ?" என்றார் பாலா அண்ணை. "சரி, ஆர் போறியள்?"

ஒருவர் கூரையைப் பார்த்தார். ஒருவர் தன் கிளாஸைப் பார்த்தார். ரவி அண்ணை யோசித்துச் சொன்னார்: "சுதன் இனி வெம்பிளிதானே. அவன் ஜெரோமுக்குப் பதிலா ஒரு பாட்டம் நிக்கட்டுமே."

சொன்ன பிறகுதான் அது அவருடைய காதிலேயே விழுந்தது. சுதன் ஹீற்றருக்குப் பக்கத்தில் தலையாட்டினான், சம்மதம் என்பதுபோல. அந்தத் தலையாட்டலை என்னால் பார்க்க முடியவில்லை.

இருந்தும் வாக்கெடுத்தார்கள். சுதனை விட்டு எட்டுப் பேர். எடுக்க வேண்டும் என்று நான்கு, வேண்டாம் என்று நான்கு. பாலா அண்ணை என் பக்கம் திரும்பினார்.

"நீ செயலாளர். நீ சொல்லு, பிள்ளை."

ஒரு கைதான். தூக்கினால் முடிந்தது. "என்னால ஏலாது அண்ணை. அவன் என்ர தம்பி" என்றேன். பாலா அண்ணை என் கையிலிருந்த போமை வாங்கினார். அதில் சுதனின் பெயரைப் பார்த்தார். நாலாக மடித்துத் தன் சேர்ட் பைக்குள் வைத்தார்.

"எடுக்கச் சொல்லி நாலு கை. ஷிப்டுக்கு ஒரு கையும் இல்லை. விடுங்கோ, தேத்தண்ணி ஆறப்போகுது."

மேசைக்கு வந்தவர்

கடைசி ஆட்டம் வெம்பிளியோடு. தோற்றால் நாங்கள் கடைசி. வழமைபோல அவர்களுக்கு ஆறு பெயர். எட்டு நிமிடம் இருக்கையில் ஜெரோமுக்கு ஐந்தாவது அட்டை. மூன்று புள்ளியால் வென்றோம். கடைசி வெற்றிக் கூடை ரவி அண்ணை போட்டது, பந்து கொடுத்தவன் சுதன். தாளில் ரவி அண்ணைக்கு இரண்டு என்று எழுதினேன். ரவி அண்ணை ஓடிப்போய்ச் சுதனைத் தூக்கிச் சுற்றினார். ஜெரோமை எடுக்காதது சரி என்று தாளே சொல்லிவிட்டதாக நான் நினைத்துக்கொண்டேன்.

தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தபோது ஜெரோம் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

"தங்கச்சி, என்ர பவுல் எல்லாத்தையும் அங்கை வாசிச்சுக் காட்டினனீங்களாம்?"

"ஓம், அண்ணை."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம்.

"அப்ப இல்ஃபோர்ட் தாளையும் ஒருக்கா வாசிச்சிருக்கலாமே, தங்கச்சி."

அந்தத் தாளை மாலினி அக்காவிடம் நான் போன் எடுத்த அன்றே கேட்டிருக்கலாம். பதில் எப்படி இருக்குமோ என்ற பயத்தில்தான் கேட்கவில்லை. சீசன் முடிந்த பிறகு கேட்டு வாங்கிப் பார்த்தேன். மச்சான் சொன்னது உண்மை: முப்பத்தெட்டு. போட்டி நடந்தது ஞாயிற்றுக்கிழமை. அன்று ஷிப்ட் இல்லாததால் பெற்றோல் ஷெட்டில் ஒருவரும் பதிலுக்கு நிற்கத் தேவையில்லை. வெம்பிளிக்கு ஒன்பது பெயர், மாற்றி மாற்றி இறங்கியிருக்கிறார்கள். ஜெரோமுக்கு ஆட்டம் முழுக்க ஒரு பவுல், அதுவும் சிவப்பில். பிறகு எங்கள் தாள்களை எடுத்து, நான் வாசித்த அந்த ஏழு ஆட்டத்துப் பவுல்களை நிறம் பிரித்து எண்ணினேன்: சிவப்பில் ஆறு, நீலத்தில் இருபத்தெட்டு. மாற ஆளில்லாமல் களைத்த பிறகுதான் அந்த மனிதர் ஆளை இடித்திருக்கிறார்.

நான் அந்த முன் அறையில் வாசித்த எண் ஒவ்வொன்றும் மூன்று தரம் சரிபார்த்தது, ஆனால் இரண்டு நிறப் பேனையை எதற்காகத் தந்திருக்கிறார்கள் என்று மட்டும் இந்தப் பட்டதாரி ஒரு தரமும் யோசிக்கவில்லை.